குடிநீரும் குழந்தைகளின் உயிரும்

வாந்திபேதியில் பிள்ளைகள் மாண்டபோது, அதனைத் தெய்வத்தின் சீற்றமென்றே நம் முன்னோர் எண்ணினர். 1884ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக், கல்கத்தாவில் மக்கள் பயன்படுத்திய குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றின் கிருமிகள் மலத்திலிருந்து நீர், உணவு, கை ஆகியவற்றின் வழியே வாயை அடைகின்றன. ஆகவே, குழந்தையின் பேதி தலைவிதியன்று. யாருக்கு எந்த நீர் கிடைத்தது என்னும் வரலாற்றோடு பிணைந்தது.

அவ்வரலாறு நமக்குக் கசப்பானது. ஊர்ப் பொதுக்கிணறு நம்மவர்க்கு மறுக்கப்பட்டது. பொதுக் கிணறுகள், குளங்கள், சாலைகள் அனைவர்க்கும் உரியவை எனச் சென்னைச் சட்டமன்றம் தீர்மானித்தது 1924இல்தான். இரட்டைமலை சீனிவாசனார் அப்போது அவ்வவையில் உறுப்பினராய் இருந்தார். 1927 மார்ச் 20இல் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைப் பருகினார். நீரின்மீது உரிமையற்றவன் அதன் தூய்மையைக் கேட்க இயலாது. இதுவே அப்போராட்டங்கள் நமக்குத் தரும் பாடம்.

நம் பகுதியின் நிலையும் எண்ணத்தக்கது. புழல் ஏரி நீரை மணல்வழி வடிகட்டும் நிலையம் 1914இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. அந்நீர் நகரத்தார்க்குப் பாய்ந்தது. ஏரிக்கு அண்மையிலிருந்தும், முகப்பேர் அன்று நகர எல்லைக்கு வெளியே கிடந்த சிற்றூர். அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது 2011இல்தான்.

நோய் வந்தபின் காக்கும் வழியும் எளியதே. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய போன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் மருந்துநீர் தீரவே, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்னும் அளவிலிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்நீரைப் புகட்டியவர்களுள் நோயாளிகளின் உறவினரும் இருந்தனர் என்பதை நம் தாய்மார் மறத்தலாகாது.

இவையெல்லாம் பழங்கதை என்று அமைதி கொள்ளவும் வழியில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பின்னரே தெரியவந்தது.

ஆதலின், கொதித்தாறிய நீர், சோப்பிட்டுக் கழுவிய கை, வீட்டில் எப்போதும் ஓர் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகிய மூன்றையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். தெருக்குழாய் நீரைச் சோதிக்குமாறு அதிகாரிகளுக்கு மனு எழுதவும் கற்பிப்போம். கல்வியின் பயன் அதுவுமாகும்.