பழுது பார்த்தவர் படைத்த வரலாறு



நம் நெகிரி செம்பிலான் தோட்டத்துத் திருவிழா மேடையில் கித்தார் ஆம்ப்ளிஃபயர் 'உம்ம்'முன்னு உறுமினால், "பெட்டி போச்சு"ன்னு ஒதுக்கி வைக்கிறோம். அந்தப் பெட்டியை வளர்த்தவர்களே பழுது பார்த்தவர்கள்தாம் என்பதை அறிவீர்களா?

1938இல் அமெரிக்காவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார் லியோ ஃபெண்டர். கெட்டுப்போன பெட்டிகளே அவருக்குப் பள்ளிக்கூடம். 1945இல் கூட்டாளியோடு சேர்ந்து கித்தார் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்றார். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரான், ஃபெண்டர் பெட்டியை ஆராய்ந்து முதல் மார்ஷல் பெட்டி உருவாகத் துணைநின்றார்.

பழைய வால்வுப் பெட்டி உறுமுவதற்கு ஒரு முக்கியக் காரணம், மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் உலர்ந்து போவதே. கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மாணவமணிகளே, முறையாகக் கற்ற பிறகே பெட்டியைத் திறங்கள். ரிப்பேர் வேலைதானேன்னு யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு கல்வியே!