கீட்டன், பஸ்டர் (1895–1966)

அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன், கான்சாஸ் மாநிலத்தின் பிக்குவா என்னும் சிற்றூரில் பிறந்து, பாட்டும் ஆட்டமும் வித்தைகளும் கலந்த 'வாடெவில்' மேடையில் பெற்றோருடன் சிறுவயதிலேயே தோன்றி, அடிபடாமல் விழும் கலையை அங்கேயே பயின்றார். 1917இல் ராஸ்கோ ஆர்பக்கிளின் குறும்படங்கள் வழியாகத் திரைக்கு வந்த அவருக்கு, எவ்விடரிலும் சலனமுறாத முகமே அடையாளமாயிற்று. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேல் சரிய, திறந்த மாடிச் சன்னல் மட்டும் அவர் நின்ற இடத்தில் வந்து பொருந்தும் காட்சி, ஒளிப்பதிவுத் தந்திரம் ஏதுமின்றி உண்மையான சுவரையே வீழ்த்தி எடுக்கப்பட்டது. அதைத் துணிச்சலின் வெற்றி என்பதைவிடக் கணக்கின் வெற்றி என்பதே பொருந்தும். அவரது வீழ்ச்சிக்குப் பேசும்படத்தின் வருகையைக் காரணம் காட்டுவது வழக்கமாயினும், 1928இல் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் படைப்புரிமையை இழந்ததும், உடன்சேர்ந்த குடிப்பழக்கமுமே மெய்யான காரணங்கள் எனலாம். 1933இல் அந்நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டவர், பின்னாளில் அங்கேயே பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளை அமைத்துக்கொடுக்கும் பணியில் அமர்ந்தார். சாப்ளினுடன் 'லைம்லைட்' (1952) படத்தில் தோன்றினார். வெளியானபோது வரவேற்புப் பெறாத 'தி ஜெனரல்' (1926) இன்று அவரது தலைசிறந்த படமாகக் கருதப்படுகிறது. 1960இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது.