பின்டோவும் எட்டு ஆண்டுத் தாமதமும்

1966 செப்டம்பர் 9 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்நாட்டுச் சாலைகளில் அப்போது ஆண்டுக்குச் சுமார் 50,000 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அதுவரை ஒரு காரை எப்படி வடிவமைப்பது என்பதில் மத்திய அரசு பெரும்பாலும் தலையிட்டதில்லை. 1965இல் கார்களின் குறைகளைப் பற்றி நூல் எழுதிய ரால்ஃப் நேடரை வேவு பார்க்க ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறிவாளர்களை ஏவியதும், அது அம்பலமாகி நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டதும் சட்டம் விரைந்து நிறைவேறக் காரணமாயின. கார் நிறுவனங்கள் தோற்றுவிட்டன என்றே பலரும் நம்பினார்கள். அடுத்த பத்தாண்டு வரலாறு வேறு விதமாகப் போனது. சட்டம் வருவதைத் தடுக்க முடியாதபோது, அதன் கீழ் வரும் ஒவ்வொரு விதியையும் தள்ளிப்போட முடியும் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. தெரிந்தே விதியை மீறுவோருக்குக் குற்றவியல் தண்டனை தரும் திருத்தத்தைச் செனட் முன்பே நிராகரித்திருந்தது. தாமதிப்பவர் சிறைக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

ஃபோர்டு பின்டோவின் கதையில் இது கண்கூடாகத் தெரிகிறது. 1970 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த இந்தச் சிறிய காரில் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதினால் டேங்க் முன்னோக்கி நசுங்கி, அச்சின் நடுவிலுள்ள உறையில் துருத்திக்கொண்டிருந்த போல்ட்டுகள் அதைக் குத்திக் கிழிக்கும்; பெட்ரோல் ஊற்றும் குழாயும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மணிக்கு 21 மைல் வேகத்தில், அதாவது சுமார் 34 கிலோமீட்டரில், சுவரில் பின்பக்கமாக மோதவிட்ட சோதனை வண்டியிலேயே டேங்க் கிழிந்தது. டேங்குக்குள் ரப்பர் பை வைத்த வண்டி அதே சோதனையில் தப்பியது. அந்தப் பைக்கு ஆகும் செலவு சில டாலர்தான். பின்னாளில் கலிஃபோர்னிய நீதிமன்றத்தில் வெளியான ஃபோர்டின் உள் அறிக்கை ஒன்று, டேங்குக்கான ரப்பர் பையையோ மேலுறையையோ பொருத்துவதை 1974இலிருந்து 1976க்குத் தள்ளிவைத்தால் 2.09 கோடி டாலர் மிச்சமாகும் என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 1971 ஏப்ரலில் எழுதப்பட்டது. இரண்டு ஆண்டுத் தாமதத்துக்கு அதில் விலையே போடப்பட்டிருந்தது. அரசு விதி முன்கூட்டியே வந்திருந்தால் அந்தத் தொகை மிஞ்சியிருக்காது. பின்மோதலையும் சோதனையில் சேர்க்கும் வரைவை அரசு 1969 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. 1970இல் இன்னும் கடுமையான சோதனையை முன்வைத்தபோது நிறுவனங்கள் எதிர்த்தன. ஆட்சேபம், ஆய்வு, மறு ஆட்சேபம் என்று இழுபட்டு, விதி நடைமுறைக்கு வந்தது 1977 மாடல் வண்டிகளுக்குத்தான்.

இந்த இடைவெளியில் பிறந்ததுதான் புகழ்பெற்ற அந்தக் கணக்கு. 1973இல் ஃபோர்டு அரசுக்கு அளித்த ஆவணத்தில் ஒரு பக்கம், விதியால் தவிர்க்கக்கூடிய 180 மரணம், 180 தீக்காயம், எரிந்துபோன 2,100 வண்டிகள். உயிருக்கு 2 லட்சம் டாலர், காயத்துக்கு 67,000, வண்டிக்கு 700 என்று போட்டு மொத்தம் 4.95 கோடி டாலர் நன்மை. மறுபக்கம் 1.25 கோடி வாகனங்களுக்குத் தலா 11 டாலர் வீதம் 13.7 கோடி டாலர் செலவு. எனவே விதி தேவையில்லை என்பது முடிவு. உயிருக்கான விலையை ஃபோர்டு கற்பனை செய்யவில்லை. அது அரசின் பாதுகாப்பு அமைப்பே 1972இல் வெளியிட்ட தொகை. அந்தப் பட்டியலில் இறந்தவரின் வலிக்கும் வேதனைக்கும் 10,000 டாலர், ஈமச் சடங்குக்கு 900 டாலர்.

இந்த ஆவணம் பின்டோவைப் பற்றியதே அல்ல, வண்டி உருளும்போது பெட்ரோல் கசிவது பற்றியது, அதுவும் எல்லா நிறுவனங்களின் வாகனங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு என்று பின்னாளில் சட்ட அறிஞர் கேரி ஷ்வார்ட்ஸ் சுட்டிக்காட்டினார். மொத்த மரண விகிதத்தில் பின்டோ மற்ற சிறிய கார்களை விட மோசமில்லை என்றும் அவர் காட்டினார். இரண்டும் சரியே. ஆனால் முதல் உண்மை என் வாதத்தை வலுவாக்கவே செய்கிறது. அது ஒரு நிறுவனம் தன் பொறியாளர்களுக்குள் பேசிக்கொண்ட ரகசியமல்ல. விதியைத் தடுக்க அரசின் மேசையில் வைக்கப்பட்ட மனு. பாதுகாப்புக்கு எல்லையில்லாமல் செலவிட முடியாது, எங்கோ கணக்குப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்ற வாதத்தையும் மறுப்பதற்கில்லை. கேள்வி, கணக்கில் இடும் எண்களை யார் தருகிறார்கள் என்பது. உதிரிப்பாகத்தின் செலவையும் சோதனையின் முடிவையும் முழுமையாக அறிந்தவர் உற்பத்தியாளர் மட்டுமே. தீயில் வெந்தும் பிழைத்தவர்கள் இறந்தவர்களுக்குச் சமமான எண்ணிக்கைதான் என்ற அனுமானத்தைக் கேள்வி கேட்க, காயமுற்றவர் தரப்பில் அந்த மேசையில் எவரும் இல்லை.

தலைவாசல் வழியும் திறந்தே இருந்தது. அதே 1971 ஏப்ரலில், 27ஆம் தேதி, ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையிலிருந்த இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் லீ ஐயகோக்காவும் வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சனைச் சந்தித்தார்கள். பாதுகாப்பு விதிகளின் செலவு தாங்கவில்லை, ஜப்பான் போட்டியில் முந்துகிறது என்று முறையிட்டார்கள். நிக்சனின் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்ததால் இது நமக்குத் தெரிகிறது. அவ்வாண்டு அக்டோபரில் ஏர்பேக்கைக் கொண்டுவந்திருக்கும் விதி தள்ளிவைக்கப்பட்டு, சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கிளம்பாத பூட்டு மாற்றாக அனுமதிக்கப்பட்டது. 1974 மாடலில் வந்த அந்தப் பூட்டை மக்கள் வெறுத்தார்கள்; அதே ஆண்டு காங்கிரஸ் அதைத் தடை செய்தது. மக்களே பாதுகாப்பை விரும்பவில்லை என்பதற்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. மக்கள் எதிர்த்தது ஏர்பேக்கை அல்ல. ஃபோர்டு ஆதரித்த மாற்றைத்தான். ஏர்பேக்குக்கு வழிவகுத்த விதியை ரேகன் அரசு 1981இல் ரத்து செய்தது; 1983இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து காரணமற்றது என்றது. ஏர்பேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 1998 மாடலில்.

பின்டோவுக்கு வருவோம். பத்திரிகையாளர் மார்க் டவி 1977இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. 1978 ஜூனில் ஃபோர்டு சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அறிவிப்பு வந்து சுமார் இரண்டு மாதத்தில், இந்தியானாவில் இன்னும் திருத்தப்படாத 1973 மாடல் பின்டோ ஒன்றைப் பின்னாலிருந்து ஒரு வேன் மோதி மூன்று இளம்பெண்கள் தீயில் இறந்தார்கள். ஃபோர்டின் மீது அலட்சியக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கில் நிறுவனத்தின் முக்கியமான வாதங்களில் ஒன்று, அந்தக் கார் தயாரிக்கப்பட்ட காலத்தில் இருந்த எல்லா அரசுத் தர விதிகளையும் அது நிறைவு செய்தது என்பது. சொன்னதில் பொய்யில்லை, 1973இல் பின்மோதலுக்கான விதி எதுவும் இருக்கவில்லை. 1980 மார்ச்சில் ஜூரி ஃபோர்டை விடுவித்தது.