மினாமாட்டா: மீன் சொன்ன சேதியைக் கேளாத கதை

கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. நீலமாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் கடலில் வளரும் மீனின் சதையை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். மீனில் இருக்கும் பாதரசம், மனிதன் கடலுக்குள் எதைக் கொட்டினான் என்பதற்குச் சாட்சி. இந்தச் சாட்சியை உலகம் முதன்முதலில் பெரும் விலை கொடுத்துக் கேட்ட இடம் ஜப்பானில் உள்ள மினாமாட்டா.

கியூஷூ தீவில், குமமோட்டோ மாநிலத்தில், ஷிரனூயி கடலோரம் இருக்கும் சிறிய ஊர் அது. மக்களில் பலருக்கு மீன்பிடித்தல்தான் தொழில், மீன்தான் அன்றாட உணவு. 1908ஆம் ஆண்டு அங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலை வந்தது. பின்னாளில் சிஸ்ஸோ என்ற பெயரால் அறியப்பட்ட நிறுவனம் அது. ஊருக்கு வேலையும் வரிப்பணமும் கொடுத்த நிறுவனம் என்பதால் அதை எதிர்த்துப் பேசப் பலருக்கு மனம் வரவில்லை. 1932இல் அந்தத் தொழிற்சாலை அசிட்டால்டிஹைடு என்ற இரசாயனத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பாதரசம் வினையூக்கியாகப் பயன்பட்டது. மிஞ்சிய கழிவு நீர் நேராகக் குடாவில் கலந்தது.

முதலில் எச்சரித்தவை பூனைகள். 1950களின் தொடக்கத்தில், மீன் தின்று வளர்ந்த பூனைகள் வலிப்பு வந்து சுழன்று சுழன்று ஓடின. சில கடலில் விழுந்து மடிந்தன. மக்கள் இதைப் 'பூனை நடன நோய்' என்றார்கள். 1956 ஏப்ரல் மாதம் 5 வயதுச் சிறுமி ஒருத்தி, நடக்கவும் பேசவும் முடியாத நிலையில் தொழிற்சாலையின் மருத்துவமனைக்கே கொண்டுவரப்பட்டாள். அம்மருத்துவமனையின் தலைவர் டாக்டர் ஹோசோகாவா ஹஜிமே, மே 1ஆம் தேதி, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இனம் தெரியாத நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபருக்குள் 40 நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அவர்களில் 14 பேர் இறந்திருந்தனர்.

தொற்று நோயோ என்று ஊர் அஞ்சியது. நோயாளிகளின் வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒதுக்கி வைத்தார்கள். ஆனால், குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1956 நவம்பரிலேயே, இது குடாவின் மீனாலும் சிப்பியாலும் வரும் உலோக நஞ்சு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மாநில அரசு, உணவுச் சட்டத்தின்கீழ் அந்த மீனைத் தடைசெய்ய முடியுமா என்று மத்திய அமைச்சைக் கேட்டது. குடாவில் உள்ள எல்லா மீன்களும் நஞ்சானவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை; ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று பதில் வந்தது.

நேயர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆதாரம் முழுமையாகும் வரை மக்கள் அந்த மீனையே சாப்பிட வேண்டுமா?

1958இல் நிறுவனம் கழிவு நீரைக் குடாவுக்குப் பதிலாக மினாமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பியது. நோய் குறையவில்லை, புதிய கிராமங்களுக்கும் பரவியது. 1959 ஜூலையில் ஆய்வாளர்கள் குற்றவாளியின் பெயரையே சொல்லிவிட்டார்கள்: கரிமப் பாதரசம். அதே ஆண்டு அக்டோபரில், டாக்டர் ஹோசோகாவா தொழிற்சாலைக் கழிவைக் கலந்து உணவு கொடுத்த பூனைக்கும் அதே நோய் வந்தது. அந்த முடிவை நிறுவனம் வெளியிடவிடவில்லை. ஆண்டு முடிவில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 'ஆறுதல் பணம்' என்று ஒரு தொகை கொடுத்து, பிற்காலத்தில் தொழிற்சாலையே காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது.

அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிவு கொட்டப்பட்டது. அந்த ஆண்டுகளில்தான் மிகக் கொடிய உண்மை தெரியவந்தது. தாய்க்கு நோய்க்குறி அதிகம் இல்லாவிட்டாலும், பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலிருக்கும் சிசுவின் மூளைக்குப் போகிறது என்று 1962இல் உறுதியானது. 1965இல் நீகாட்டாவின் அகானோ ஆற்றங்கரையிலும், வேறொரு நிறுவனத்தின் கழிவால் இதே நோய் தோன்றியது. மினாமாட்டாவில் தடுத்திருந்தால் அங்கே விழிப்பு வந்திருக்காதா?

1968 மே மாதம் சிஸ்ஸோ பழைய முறைத் தயாரிப்பை நிறுத்தியது. நிறுத்திய நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26ஆம் தேதிதான், தொழிற்சாலைப் பாதரசமே நோய்க்குக் காரணம் என்று அரசாங்கம் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. 1973இல் நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாளி ஆக்கியது. பழைய 'ஆறுதல்' ஒப்பந்தமும் செல்லாது என்றது. 2004இல் உச்ச நீதிமன்றம், தடுக்கத் தவறிய அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது.

இந்த நஞ்சு எப்படி இவ்வளவு வலிமை பெறுகிறது? மெத்தில் பாதரசத்தை முதலில் நுண்ணுயிர்கள் ஏற்கின்றன. அவற்றைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் அளவு கூடுகிறது. அது தசைப் புரதத்தோடு பிணைந்துவிடுவதால், கழுவினாலும் போகாது, புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவேதான் நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களில் குறைவாகவும், சுறா, வாள்மீன் போன்ற நீண்ட நாள் வாழும் பெருமீன்களில் அதிகமாகவும் இருக்கிறது. கர்ப்பிணிகள் பெருமீன்களைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். அதற்காக மீனையே ஒதுக்க வேண்டியதில்லை. மீன் நல்ல உணவு. குற்றம் மீனுடையது அன்று.

மினாமாட்டா குடாவின் நஞ்சுச் சேற்றை அள்ளி மூடும் பணி 1977இல் தொடங்கி 1990வரை நடந்தது. மீன்கள் வெளியேறாதபடி கட்டிய வலை 1997இல்தான் அகற்றப்பட்டது. 2013இல் உலக நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட பாதரச உடன்படிக்கை, அந்த ஊரின் பெயரையே தாங்கி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பாதரசம் இன்னும் நிற்கவில்லை. சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும், நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களிலிருந்தும் காற்றில் கலந்து, மழையோடு இறங்கிக் கடலைச் சேர்கிறது. இம்முறை ஒரு தொழிற்சாலையின் குழாயைக் காட்டி விரல் நீட்ட முடியாது. நாம் போடும் மின்விளக்குக்கும், அணியும் நகைக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

மினாமாட்டாவில் அறிவுக்குப் பஞ்சம் இல்லை. 1956இல் மீனைச் சந்தேகித்தார்கள். 1959இல் நஞ்சின் பெயர் தெரிந்தது. 1968வரை கழிவு ஓடியது. இடையில் பிறந்த பிள்ளைகள், அந்தத் தாமதத்தின் விலையைத் தங்கள் உடலால் கொடுத்தார்கள். ஆதாரம் போதவில்லை என்ற சொல்லை இனி எங்கே கேட்டாலும், அந்தப் பிள்ளைகளை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.