அரண்மனை எரிந்த வருஷம்

எங்கள் வீட்டில் தேதி சொல்லும் பழக்கமே கிடையாது. "கொள்ளுத்தாத்தா எப்ப பெரியம்மா மைசூருக்குப் போனார்?" என்று கேட்டால், "அரண்மனை எரிஞ்ச வருஷம்டா" என்று பதில் வரும். பெரியம்மாவுக்கு 84 வயது. ஆரணியிலிருந்து போன தாத்தா, தேவராஜா மார்க்கெட் பக்கம் சொந்தமாக ஜவுளிக்கடை வைத்திருந்தார் என்பது அவர் கட்சி. "கடையாவது ஒண்ணாவது, யார் கடையிலயோ கணக்குப்பிள்ளை" என்பது மாமா கட்சி. கல்யாண வீடு தவறாமல் நடக்கும் பஞ்சாயத்து இது.

லண்டனில்தானே குப்பை கொட்டுகிறோம், நாமே தீர்த்து வைக்கலாம் என்று இறங்கினேன்.

பழைய மர அரண்மனை எரிந்தது 1897-ல், இளவரசி ஜெயலட்சம்மணியின் கல்யாணச் சமயத்தில். ஆக, வருஷம் கிடைத்துவிட்டது. அடுத்து, அந்தக் காலத்து வணிக டைரக்டரிகள். கல்கத்தாவின் தாக்கர் ஸ்பிங்க் கம்பெனி முதலில் வங்காளத்துக்கு என்று போட்ட டைரக்டரி, 1885 முதல் 'தாக்கர்ஸ் இந்தியன் டைரக்டரி' என்று நாடு முழுவதற்குமாக வந்தது. சென்னையில் அசைலம் அச்சகம் தென்னிந்தியாவுக்கு ஒன்று போட்டது. (சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியில் பிறந்த அச்சகம் அது.) இலங்கைக்கு ஃபெர்குசன்ஸ் டைரக்டரி. அதிகாரிகள், கம்பெனிகள், தோட்டங்கள், குடியிருப்போர் என்று பட்டியல் பட்டியலாக இருக்கும். பல தொகுதிகள் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசம். நான் போனது பிரிட்டிஷ் லைப்ரரிக்கு. ரீடர் பாஸுக்குக் காசில்லை. ஆனால் பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்ததில் கற்ற பாடங்கள்:

ஒன்று, எழுத்துக்கூட்டல். நம் முதலியார் அதில் 'மூடெல்லியார்', 'மொடெலியார்', சில சமயம் வெறும் 'மூடெல்லி'. கம்ப்யூட்டர் தேடலை நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

இரண்டு, வருஷம். 1898 புத்தகத்துக்கான தகவல் பெரும்பாலும் 1897-ல் திரட்டியது. முன்னும் பின்னும் நாலைந்து வருஷம் பார்ப்பது நல்லது.

மூன்று, முகவரி. பிளேக் வந்து போனபின் 1903-ல் மைசூரில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. நெரிசல் சந்துகளை இடித்துப் புதுப் பேட்டைகள் எழுப்பினார்கள். இன்றைய மேப்பை வைத்துக்கொண்டு அன்றைய தெருவைத் தேடினால் அவ்வளவுதான் :-)

எல்லாம் செய்தும் கொள்ளுத்தாத்தா சிக்கவில்லை. 1910 வரை பார்த்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. இவை இங்கிலீஷ் படிக்கிற அதிகாரிகளும் பெரிய வியாபாரிகளும் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள். சந்துக்குள் முழம் போட்டுத் துணி விற்றவரை அதில் யார் சேர்ப்பார்கள்? பட்டியலில் பெயர் இருந்தால் கடை இருந்தது என்று சொல்லலாம். பெயர் இல்லையே என்று கடையே இல்லை என்று சொல்ல முடியாது.

பெரியம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப உங்க மாமா சொல்றதுதான் நிஜமாடா?" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. புத்தகத்தைப் பற்றி விளக்கினேன். சட்டென்று, "பரண்ல தாத்தாவோட பித்தளை அண்டா கிடக்கே, அதப் பாக்கச் சொல்லு" என்றார்.

மறுநாள் தங்கை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. கொள்ளுத்தாத்தா பெயர், மைசூர், 1904.

"கணக்குப்பிள்ளை அண்டா வாங்கக் கூடாதா?" என்று மாமா உடனே ஆரம்பித்துவிட்டார். நியாயமான கேள்விதான். வழக்கு முடியவில்லை, கர்நாடக ஆவணக் காப்பகத்தில் பழைய மைசூர் அரசின் காகிதங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் 1904-ல் அவர் மைசூரில் இருந்தார் என்பதற்கு இப்போது ஒரு சாட்சி இருக்கிறது.

டைரக்டரிகள் லைப்ரரியில் பத்திரமாகத்தான் இருக்கும், மெதுவாகப் பார்க்கலாம். அண்டாவை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டும் விடுங்கள்.

பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார்: "கடை கிடைச்சுதாடா?"