காணாமற்போன இரவுடை

ஒரு நூலை முழுதும் படித்து முடித்த பின்னரே அதைப் பற்றி எழுதவேண்டும் என்பது மரபு. ஆயினும் கேட் சம்மர்ஸ்கேல் எழுதி 2008-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்’ என்னும் நூலைப் பொறுத்தவரை அம்மரபைச் சற்றே மீறலாம் என்று தோன்றுகிறது. நூல் நமக்கு மிகத் தாமதமாகவே கிட்டியது. இப்போது பாதியைத் தாண்டியிருக்கிறோம். கொலையை ஒப்புக்கொண்டவர் யார் என்பது 1865-லேயே உலகறிந்த செய்தி. எனவே கடைசிப் பக்கத்துக்கு ஓடவேண்டிய அவசரம் இல்லை. பாதி வழியில் நின்று, மனம் எங்கே தங்கிவிட்டது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

இங்கிலாந்தில் வில்ட்ஷயர், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையில் ரோடு என்றொரு சிற்றூர். அங்கே மூன்று அடுக்குகள் கொண்ட ஒரு பெரிய வீடு. தொழிற்சாலைகளின் துணை ஆய்வாளரான சாமுவேல் கென்ட் தம் இரண்டாம் மனைவியோடும் இரு தாரத்து மக்களோடும் அதில் வாழ்ந்து வந்தார். 1860 ஜூன் 29-ஆம் நாள் இரவு அவ்வீட்டில் உறங்கச் சென்றோர் பன்னிருவர். விடிந்தபோது மூன்று வயதுச் சிறுவன் சேவில் தொட்டிலில் இல்லை. பணியாளர் பயன்படுத்தும் வெளிப்புறக் கழிப்பிடத்தில், கழுத்து அறுபட்ட நிலையில் அக்குழந்தையின் உடல் கண்டெடுக்கப்பட்டது. வரவேற்பறைச் சன்னல் திறந்து கிடந்ததேயன்றி, அயலார் எவரும் உள்ளே புகுந்ததற்கான தடயம் இல்லை. உறங்கச் சென்ற பன்னிருவரில் ஒருவரே கொலையாளியாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் ஊரெங்கும் பரவியது.

நூலின் தொடக்கத்தில் வீட்டின் வரைபடம் ஒன்று தரப்பட்டுள்ளது. நாம் அதையே திரும்பத் திரும்பப் புரட்டிக் கொண்டிருந்தோம். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளின் அறை பெற்றோர் உறங்கிய மாடியில் இருக்கிறது. முதல் தாரத்துப் பிள்ளைகளோ மேல்மாடியில், சமையற்காரியும் பணிப்பெண்ணும் உறங்கிய அதே தளத்தில். குடும்பத்தின் கதை முழுவதையும் அந்த ஒரு படமே சொல்லிவிடுகிறது. இரண்டாம் மனைவி முன்பு அதே குடும்பத்தில் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தவர். முதல் மனைவி 1852-இல் இறந்த பின் வீட்டுத் தலைவியானவர். பதினாறு வயது கான்ஸ்டன்ஸும் அவளுக்கு ஓராண்டு இளையவனான வில்லியமும் மேல்மாடிப் பிள்ளைகள். 1856-ஆம் ஆண்டிலேயே கான்ஸ்டன்ஸ் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, ஆணுடை தரித்து, தம்பியையும் அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியிருக்கிறாள். கத்தரித்த முடியை அவள் போட்டுச் சென்ற இடம், நான்காண்டுகளுக்குப் பின் குழந்தையின் உடல் கிடந்த அதே கழிப்பிடம்.

கொலை நிகழ்ந்து இரு வாரங்கள் கழித்து லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார் ஜோனதன் விச்சர். 1842-இல் ஸ்காட்லாந்து யார்டில் துப்பறியும் பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்த எண்மருள் ஒருவர். ஒரு தோட்டக்காரரின் மகன். சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் அப்பிரிவினரை நேரில் கண்டு எழுதிய கட்டுரைகளில் பெயர் சற்று மாற்றப்பட்டு இடம்பெற்றவர். அத்தகைய புகழ்வாய்ந்தவர் ரோடு சிற்றூரில் நம்பிப் பிடித்த துப்பு என்ன தெரியுமா? ஒரு சலவைக் கணக்கு.

இவ்விடத்தைத்தான் நாம் மூன்று முறை படித்தோம். கான்ஸ்டன்ஸுக்கு இரவுடைகள் மூன்று. விச்சர் கேட்டபோது இருந்தவை இரண்டு. மூன்றாவது சலவைக்குப் போனபோது தொலைந்துவிட்டது என்றாள் அவள். கொலைக்குப் பின் வந்த திங்கட்கிழமை, பணிப்பெண் சாரா காக்ஸ் அழுக்குத் துணிகளைக் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு கூடைகளில் அடுக்கினாள். கான்ஸ்டன்ஸின் இரவுடையை வைத்ததாக அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கூடையைப் பெற்ற சலவைப் பெண்மணி ஹெஸ்டர் ஹாலியோ அவ்வுடை அதில் இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். இருவரும் உண்மையே பேசினால்? கூடை வீட்டைவிட்டுப் போகுமுன் கான்ஸ்டன்ஸ் அங்கே வந்திருக்கிறாள். பணப்பையை உள்பாவாடையில் விட்டுவிட்டேனோ பார் என்று காக்ஸைத் தேடச் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவரும்படி அவளைக் கீழே அனுப்பியிருக்கிறாள். அந்த ஒரு நிமிட இடைவெளியில் கறையற்ற அவ்வுடையை அவள் கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள் என்பது விச்சரின் ஊகம். கறைபட்ட உடை முன்பே அழிக்கப்பட்டுவிட்டது. கணக்கில் எழுதப்பட்டது, கூடையில் இல்லை; ஆகவே தொலைத்தவர் ஹாலி.

நம் வீடுகளிலும் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை சலவைக் கணக்கு நோட்டு இருந்தது. ஒரு துணி குறைந்தால் பழி யார்மேல் விழும் என்பதை அறியாதவர் எவரும் இலர். விச்சரின் ஊகப்படி, அந்தப் பழக்கத்தை நம்பியே இத்திட்டம் வகுக்கப்பட்டது. வெளுப்பவளின் சொல்லை ஒருவரும் ஏற்கமாட்டார்கள் என்ற உறுதி பதினாறு வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு அவள் தனியாக எதையும் கற்கவேண்டியிருக்கவில்லை. அவ்வீட்டில் வளர்ந்ததே போதுமானதாக இருந்தது.

அவள் நம்பிக்கை வீண்போகவில்லை. விச்சர் அவளைக் கைது செய்து நீதிபதிகள் முன் நிறுத்தினார். அவள் தரப்பு வழக்கறிஞர், ஒரு துணி சலவையில் தொலைந்ததற்காக உயர்குடிப் பெண்ணைச் சிறையில் இடுவதா என்று பொங்கினார். கூடியிருந்தோர் மகிழ, அவள் ஜூலை மாத இறுதியில் விடுவிக்கப்பட்டாள். பெண்ணின் உள்ளாடைகளை எண்ணிப் பார்க்கும் கீழ்க்குடிக் காவலன் என்ற ஏச்சுத்தான் விச்சருக்கு மிஞ்சியது. இத்தனைக்கும், சமையலறை அடுப்புப் புழையில் இரத்தக்கறை படிந்த பெண்ணாடை ஒன்றை உள்ளூர்க் காவலர் கொலை வெளிப்பட்ட அன்றே கண்டிருந்தனர். அதை அவருக்குச் சொல்லாமலே மறைத்துவிட்டனர்! இதைப் படித்தபோது நமக்கு வந்த சினம் சிறிதன்று.

நூலாசிரியர் வானிலை, உணவு, சன்னல் தாழ்ப்பாள் என எதையும் விடுவதில்லை. அன்றைய நாவல்களை அடிக்கடி இழுத்து வந்து ஒப்பிடுவது மட்டும் சில இடங்களில் அயர்ச்சியூட்டுகிறது. ஆனால் அவர் சொல்லும் ஒரு சொல்வரலாறு சுவையானது: துப்பைக் குறிக்கும் ‘க்ளூ’ என்ற ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் நூற்கண்டைக் குறித்ததாம். புத்தகத்துக்கும் இழைக்கும் நூல் என்றே பெயரிட்ட மொழியில் இதைப் படிப்பது தனி இன்பம். விச்சருக்குக் கிடைத்த துப்போ உண்மையிலேயே நூலிழையால் ஆனது.

காணாமற்போன அவ்வுடை பின்னர் இலக்கியத்தில் அகப்பட்டது. வில்கி காலின்ஸ் 1868-இல் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ நாவலில் கறைபட்ட இரவுடையும் சலவைக் கணக்கும் துப்புகளாகின்றன. 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் தொடங்கும் கதை அது. ஆங்கில நாவல்களைத் தழுவியே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தமிழ் வாசகரின் உறக்கத்தைக் கெடுத்தனர் என்பதை எண்ணும்போது, ரோடு வீட்டின் சலவைக்கூடை நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

1864-இல் விச்சர் உடல்நலம் குன்றிப் பணியிலிருந்து விலகினார். மறு ஆண்டு ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானே லண்டன் நீதிமன்றத்துக்குச் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, இருபதாண்டுகள் சிறையிலிருந்து 1885-இல் விடுதலை பெற்றாள். பின்னர் ஆஸ்திரேலியா சென்று, பெயரை மாற்றிக்கொண்டு, செவிலியாகப் பணிபுரிந்து, 1944-இல் நூறு வயதில் மறைந்தாள். வில்லியம் கடலுயிர் ஆய்வாளராகப் புகழ்பெற்றார். அவருக்கும் கொலையில் பங்குண்டோ என்ற ஐயத்தை நூலின் பிற்பகுதி எழுப்புவதாக அறிகிறோம்.

இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் குழந்தையைப் பார்த்துக்கொண்ட தாதி எலிசபெத் கஃப் மீது ஊரார் ஐயம் படிந்தே கிடந்தது. அவளும் குழந்தையின் தந்தையுமே கொலையாளிகள் என்று டிக்கன்ஸே கருதினார். தாதியின் பெயரையேனும் சில வரலாறுகள் குறிப்பிடுகின்றன. நாம் இப்போது நிற்கும் பக்கத்தில் விச்சர் தோல்வியோடு லண்டன் திரும்பிக்கொண்டிருக்கிறார். கான்ஸ்டன்ஸ் ஒப்புக்கொண்ட பின்னராவது எவரேனும் ஹாலியின் வீட்டுக்குச் சென்று, நீங்கள் அந்தத் துணியைத் தொலைக்கவில்லை அம்மா என்று சொன்னார்களா? மீதிப் பக்கங்களில் நாம் முதலில் தேடப்போவது அதைத்தான்.