மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

வட்டுக்கோட்டை என்றவுடன் வரலாறு படித்தவர்களுக்கு 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினறியும், 1976ஆம் ஆண்டுத் தீர்மானமும் ஞாபகத்துக்கு வரும். இவ்வூரில் ஆசிரியனாக இருக்கும் நான் வகுப்பிலே சொல்லிக் கொடுப்பதும் அவற்றைத்தான். ஆனால் எங்கள் பகுதியின் கொட்டில்களில் நிற்கும் பழைய கார்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பாடநூல்கள் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் யாழ்ப்பாணத்து வீதிகளை நிறைத்தவை இங்கிலாந்துக் கார்கள்: ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். 1960களிலிருந்து 1977வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாடு, இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கத்தை நாடு முழுவதற்கும் தந்தது. அந்தக் கைப்பழக்கம் எங்களுக்குப் பின்னர் உயிர்காக்கும் கலையாயிற்று.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மறைந்தது, மின்சாரம் நின்றது. எனக்கு அப்போது ஏறத்தாழப் பத்து வயது. காரை ஓட்ட வழியில்லாதவர்கள்கூட அதைத் துடைத்து, மூடிக் காத்தார்கள். ஓட்டியே ஆகவேண்டியவர்கள் மண்ணெண்ணெயை நாடினார்கள். காபிரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்குவார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வண்டி வருமுன்னே புகை வரும்.

இதை வெறும் அதிசயமாகச் சொல்லக்கூடாது. மண்ணெண்ணெய் குளிரில் எளிதாக ஆவியாகாது. அழுத்தம் கூடிய இயந்திரத்தில் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். பழைய ஒஸ்ரினின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்ததால் அது தாக்குப்பிடித்தது. 1940களின் பிற்பகுதியிலே பேர்குசன் நிறுவனம் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்றதோர் எரிபொருளுக்கு மாறும் உழவு இயந்திரங்களைச் செய்திருந்தது. அங்கே பொறியியலாளர் வரைபடத்தில் செய்ததை இங்கே கராஜ்காரர் தடைக்குள் இருந்து செய்தார். விலையும் இருந்தது: எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஓயிலை நீர்க்கச் செய்யும், பாகங்கள் தேயும்.

இந்தப் பெருமையைப் பேசுகிறவர்கள் அதே ஆண்டின் மற்றொரு நாளையும் பேசவேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வீடும் கடையும் வாகனமும் விட்டுச் செல்லப்பட்டன. இரும்பு வியாபாரத்தில் பலர் இருந்த சமூகம் அது. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தார்கள். அன்று எங்கள் ஊரின் கொட்டில்களிலும் கார்கள் தனித்து நின்றன.

இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டின் ஆயிரம் மைல் ஓட்டத்தை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஏப்ரிலில் பழைய கார்களை வீதிக்கு எடுக்கிறார்கள். 2020இல் கொரோனா முடக்கம் அவற்றை வீட்டு வாசலிலேயே நிறுத்தியது, நிறுத்தியபடியே கொண்டாடினார்கள். 2022இல் இலங்கையில் எரிபொருள் வற்றியது. கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். நாடே வரிசையில் திகைத்து நின்றது. எங்கள் முதியவர்களோ இதைவிடக் கண்டவர்கள்.

இன்று அந்த ஒஸ்ரின்களுக்குக் கலியாண ஊர்வலத்தில் மதிப்பு. விலைகேட்டு வருவோரும் உண்டு. மினுக்கிய இரும்பை மட்டும் மரபென்று கொண்டாடினால் பாதி வரலாறே மிஞ்சும். ஓட முடியாத காலத்தில் அதை ஓடவைத்த கைகளின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. பதிவுப் புத்தகங்களில் இருக்கும் முன்னைய உரிமையாளரின் பெயர்களையும் யாரும் வாசிப்பதில்லை. புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ இருக்கும் வாசகரிடம் யாழ்ப்பாணத்து வாகனமொன்றின் படமோ பத்திரமோ இருந்தால், அதன் கதையை எழுதி வையுங்கள். கராஜ்களில் வேலை செய்த தலைமுறை எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.